புனிதம் மறுத்தவர் ஏறிய குன்று

ஓர் இடம் தன்னளவிலேயே புனிதமானதா, அல்லது அங்கு சென்றவர்களின் நினைவும் வழிபாடும் ஏற்றிவைத்த புனிதத்தைத்தான் அது தாங்கி நிற்கிறதா என்பது சமயத் தத்துவத்தின் பழைய கேள்விகளுள் ஒன்று. இக்கேள்வியைப் பெருங்கோயில்களையும் பெயர்பெற்ற யாத்திரைத் தலங்களையும் முன்வைத்து ஆராய்வதே வழக்கம். ஆனால் அத்தகைய இடங்களுக்குச் செல்வோர் அவற்றின் புனிதத்தை ஏற்கெனவே ஒப்புக்கொண்டே செல்வதால், விடையில் பாதி அங்கே முன்கூட்டியே சொல்லப்பட்டுவிடுகிறது. எந்த நிலமும் வேறெந்த நிலத்தையும்விடப் புனிதமானதன்று என்று வெளிப்படையாக அறிவித்த ஒரு சமய இயக்கம், தன் தொடக்கத்தை ஒரு குறிப்பிட்ட குன்றின் உச்சியோடு இணைத்து இன்றுவரை நினைவுகூருமானால், அந்தக் கேள்வி அங்கே வேறு கூர்மை பெறுகிறது. இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் நிற்கும் பெண்டில் குன்று அப்படிப்பட்ட இடம்.

உயரத்தால் மட்டும் மதிப்பிட்டால் இக்குன்று எளியது. அதன் உச்சி கடல்மட்டத்திலிருந்து 557 மீட்டர்தான். அதற்குத் தோற்றச் சிறப்பைத் தருவது அதன் தனிமை. இங்கிலாந்தின் முதுகெலும்பு என்று சொல்லப்படும் பென்னைன் மலைத்தொடரின் முதன்மைத் திரளிலிருந்து விலகி, ரிபிள் ஆற்றின் அகன்ற பள்ளத்தாக்குக்கு மேலே, கவிழ்த்த படகின் அடிப்புறம் போல நீண்டு கிடக்கும் இக்குன்றை ஒரு பக்கம் கிளிதரோ என்னும் சிறுநகரிலிருந்தும், மறுபக்கம் பர்ன்லி, நெல்சன் முதலிய பழைய பருத்தியாலை ஊர்களிலிருந்தும் காணலாம். குன்று கண்ணுக்குத் தெரிந்தால் மழை வரப்போகிறது, தெரியாவிட்டால் மழை பெய்துகொண்டிருக்கிறது என்பது அவ்வட்டார மக்கள் தங்கள் வானிலையைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கும் பழமொழி. கீழே சுண்ணாம்புக்கல், அதன்மேல் எளிதில் உதிரும் களிப்பாறை, எல்லாவற்றுக்கும் மேலே கடினமான மணற்கல் என்று அடுக்கடுக்காக அமைந்த குன்றின் கிழக்கு முனை சட்டென்று செங்குத்தாக இறங்குவதால் அதனைப் ‘பெரிய முனை’ என்றே வட்டார வழக்கில் குறிக்கின்றனர். உச்சி கூர்மையானதன்று, பாதி மட்கிய தாவரங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவான, பீட் எனப்படும் கரிய ஈரமண் மூடிய அகன்ற மேட்டுவெளி அது. அங்கே மரங்கள் இல்லை. பருத்திப்புல்லும் ஹெதர் என்னும் குறும்புதரும் முரட்டுப் புல்லும் மட்டுமே காற்றுக்கு ஈடுகொடுத்து நிற்கின்றன.

1652ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கத்தில் இக்குன்றருகே வந்த ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவருக்கு அப்போது 28 வயது நிரம்பவில்லை. லெஸ்டர்ஷயர் மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் நெசவாளர் ஒருவரின் மகனாக 1624இல் பிறந்து, செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழகிய அவர், 1643இல் வீட்டை விட்டு வெளியேறி, சமய ஐயங்களுக்கு விடை தேடிப் பல குருமார்களிடம் சென்று, எவரிடமும் அமைதி காணாமல், இறுதியில் ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறைவனின் ஒளி நேரடியாகப் பேசுகிறது என்ற முடிவுக்கு வந்திருந்தார். குருமாரோ சடங்கோ திருமுழுக்கோ அந்த ஒளிக்கும் மனிதருக்கும் இடையில் நிற்கத் தேவையில்லை என்பது இதன் தொடர்விளைவு. மன்னர் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்டு மூன்றாண்டுகளே ஆகியிருந்த அக்காலத்தில், உள்நாட்டுப் போரால் பழைய திருச்சபையின் கட்டுக்கோப்பு குலைந்து, நிலைபெற்ற எந்தச் சபையிலும் மனம் ஒட்டாமல் ‘தேடுவோர்’ என்று அழைக்கப்பட்ட குழுக்கள் வடஇங்கிலாந்தில் ஆங்காங்கே கூடிக் காத்திருந்தன. ஃபாக்ஸைச் சுற்றித் திரண்டவர்களே பின்னர் ‘நண்பர்கள் சங்கம்’ என்றும், தொடக்கத்தில் ஏளனமாகச் சூட்டப்பட்டுப் பின் நிலைத்துவிட்ட ‘குவேக்கர்’ என்னும் பெயராலும் அறியப்பட்டனர்.

குன்றில் நடந்ததைப் பற்றி ஃபாக்ஸ் விட்டுச்சென்ற பதிவு மிகச் சுருக்கமானது. இறைவனால் ஏவப்பட்டு உச்சிக்கு ஏறியதாகவும், குன்று செங்குத்தாகவும் உயரமாகவும் இருந்ததால் சிரமப்பட்டே ஏறியதாகவும், மேலிருந்து லங்காஷயரை ஒட்டிய கடலைக் கண்டதாகவும், ஒரு பெரும் மக்கள்கூட்டம் எந்தெந்த இடங்களில் திரட்டப்படவிருக்கிறது என்பதை இறைவன் அங்கே காட்டியதாகவும், இறங்கும்போது குன்றின் பக்கத்தில் ஓர் ஊற்றைக் கண்டு, பல நாட்களாகச் சரியாக உண்ணாமலும் பருகாமலும் இருந்த தாம் அந்நீரால் களைப்பாறியதாகவும் அவர் சொல்கிறார். இதில் கவனிக்கத்தக்கது, காட்சியின் அழகைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பது. வடக்கே இங்கிள்பரோ, பென்-இ-கென்ட் முதலிய மலைகளின் தட்டையான தலைகள் வரிசையாகத் தெரியும் இடத்தில் நின்றுகொண்டு அவற்றை அவர் குறிப்பிடவே இல்லை. ஏற்றத்தின் கடினமும், கடலும், மக்களும், தண்ணீருமே அவர் பதிவில் இடம்பெறுகின்றன. இயற்கைக் காட்சியை அதன் அழகுக்காகவே நின்று நோக்கும் பழக்கம் ஐரோப்பாவில் பரவலாவதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது என்பது இதற்கு ஒரு விளக்கம். ஆனால் அவ்விளக்கம் போதுமானதன்று, ஏனெனில் இப்பதிவு வேறொரு முன்மாதிரியை அடியொற்றி நடக்கிறது.

விவிலியத்தை ஏறக்குறைய மனப்பாடமாக அறிந்திருந்த ஒருவர் உயரமான இடத்திலிருந்து நிலத்தைக் கண்டதாகச் சொல்லும்போது, நேபோ மலையின்மேல் நின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்ட மோசேயை அவரோ அவர் வாசகரோ நினைக்காமல் இருந்திருக்க முடியாது. ஆயினும் வேறுபாடு உண்டு. மோசேக்கு நாடு காட்டப்பட்டது, நுழைய அனுமதி மறுக்கப்பட்டது. ஃபாக்ஸுக்கு எல்லைகளோடு கூடிய நாடு எதுவும் காட்டப்படவில்லை, காட்டப்பட்டவர்கள் மக்கள், அவர்களிடம் அவர் சில நாட்களிலேயே நடந்து சென்று சேர்ந்தார். விவிலியத்தில் மற்றுமொரு மலைக்காட்சியும் இருக்கிறது. இயேசுவை உயர்ந்த மலைக்கு அழைத்துச் சென்று உலகின் அரசுகளையெல்லாம் காட்டுபவன் அங்கே சாத்தான். உயரத்திலிருந்து விரிந்து தெரியும் காட்சி இறைவனின் கொடையாகவும் இருக்கலாம், ஆசையின் வலையாகவும் இருக்கலாம் என்ற இந்த இரட்டைநிலையை மறந்துவிட்டு மலையுச்சி அனுபவங்களைப் பற்றிப் பேசுவது, சமய எழுத்தில் அடிக்கடி நேரும் பிழை. இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஃபாக்ஸ் தம் வாழ்க்கைக் குறிப்பைச் சொல்லி எழுதுவித்தது 1670களில். அது அச்சானது அவர் இறந்த பின்னர், 1694இல். திரளப்போகும் கூட்டத்தைக் கண்டதாகச் சொல்பவர், அக்கூட்டம் திரண்டு முடிந்ததை அறிந்தவர். இதனால் பதிவு பொய்யாகிவிடாது. ஆனால் குன்றின்மேல் அந்தக் கணத்தில் என்ன நிகழ்ந்தது என்பதும், இருபது ஆண்டுகளுக்குப் பின் அது எவ்வாறு பொருள்பட்டது என்பதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதை ஆய்வாளர் மனத்தில் இருத்தியே பேச வேண்டும்.

பெண்டிலுக்குப் பின் நடந்ததுதான் இக்கட்டுரையின் கேள்விக்கு உயிர்நிலை. 1652 ஜூன் 13 அன்று, குன்றுக்கு வடக்கே செட்பர் என்னும் ஊரை அடுத்த ஃபர்பாங்க் ஃபெல் என்ற மேட்டுநிலத்தில், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு முன் ஒரு பாறையின் அருகிருந்து ஃபாக்ஸ் பல மணிநேரம் பேசினார். அங்கே ஒரு சிற்றாலயமும் இருந்தது. அதற்குள் நுழைந்து பேசாமல் வெட்டவெளியில் பேசுவதைக் கண்டு, ஆலயத்துக்குள் இருந்தே கேட்டுப் பழகிய முதியவர்கள் சிலர் திகைத்தபோது, ஆலயமும் அது நிற்கும் நிலமும் இந்த மலையைவிடப் புனிதமானவை அல்ல என்று அவர் விளக்க வேண்டியதாயிற்று. ஆலயங்களை அவர் ‘கோபுர வீடு’ என்றே குறிப்பிடுவார். ‘சபை’ என்னும் சொல் மக்களுக்கே உரியது, கட்டடத்துக்கு உரியதன்று என்பது அவர் வாதம். சமாரியப் பெண்ணிடம், இந்த மலையிலும் அல்ல எருசலேமிலும் அல்ல, ஆவியிலும் உண்மையிலும் வழிபடும் காலம் வருகிறது என்ற பொருளில் இயேசு கூறியதாக யோவான் நற்செய்தி சொல்வது, இத்தகைய வாதங்களின் வேர். ஆனால் ஃபாக்ஸின் கூற்றை அதன் சொல்லமைப்போடு நோக்கினால் ஓர் அடக்கம் புலப்படும். ஆலயத்தைவிட மலை புனிதமானது என்று அவர் சொல்லவில்லை. கட்டடத்தைத் தாழ்த்தி இயற்கையை உயர்த்தும் பிற்காலக் கற்பனைவாதத்தின் கருத்தை அவர்மேல் ஏற்றிப் பேசுவோர் இந்த நுட்பத்தைத் தவறவிடுகின்றனர். அவர் தராசின் இரு தட்டுகளையும் சமமாக்கினார், ஒன்றைக் காலிசெய்து மற்றொன்றை நிரப்பவில்லை.

அத்தராசு அந்த நாட்டில் நூறாண்டுகளுக்கு முன்பே கடுமையாக ஆட்டிவைக்கப்பட்டிருந்தது. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் வெளியிட்ட ஆணைகள் யாத்திரைகளையும் திருவுருவங்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதையும் கண்டித்தன. கேன்டர்பரியில் புனித தாமஸ் பெக்கெட்டின் கல்லறைக் கோயில் அதே ஆண்டில் இடிக்கப்பட்டது. பெண்டிலின் அடிவாரத்துக்கு அருகே வேலி என்னும் ஊரில் இருந்த சிஸ்டர்சியன் மடம் அதற்கு முந்தைய ஆண்டே அரசுடைமையாக்கப்பட்டு, அதன் தலைவர் ஜான் பாஸ்லூ தூக்கிலிடப்பட்டார். இன்று அங்கே காண்பவை சுவர்களின் மிச்சங்களும் வாயிற்கட்டடங்களும். புனித இடங்கள் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட நாட்டில் மக்களின் மனத்திலிருந்தும் நிலத்தின் புனிதம் ஒழிந்துவிட்டதா என்பதற்கு, வரலாற்றாசிரியர் அலெக்ஸாண்ட்ரா வால்ஷம் 2011இல் வெளியிட்ட பெருநூலில் தரும் விடை ‘இல்லை’ என்பதே. கிணறுகளும் மரங்களும் பாறைகளும் பொருள் மாறித் தொடர்ந்து வாழ்ந்தன என்பதை அவர் விரிவாகக் காட்டுகிறார்.

புனிதம் மறுக்கப்பட்ட நிலத்தில் அச்சம் குடியேறிய கதையும் பெண்டிலுக்கு உண்டு. ஃபாக்ஸ் ஏறுவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன், 1612 மார்ச்சில், அலிசன் டிவைஸ் என்னும் ஏழைப்பெண் வழியில் கண்ட ஒரு நடைவணிகரிடம் ஊசி கேட்டாள். அவர் தர மறுத்துச் சிறிது தொலைவு செல்வதற்குள் பக்கவாதம் தாக்கியது போலக் கீழே விழுந்தார். தன் சினமே அவரை வீழ்த்தியது என்று அவளே நம்பினாள். அதிலிருந்து கிளைத்த விசாரணையில் 12 பேர் சூனியக் குற்றம் சாட்டப்பட்டு, ஒருவர் சிறையில் இறக்க, ஒருவர் விடுவிக்கப்பட, 10 பேர் தூக்கிலிடப்பட்டனர். நீதிமன்ற எழுத்தர் தாமஸ் பாட்ஸ் 1613இல் வெளியிட்ட விசாரணை நூலில், குற்றம் சாட்டப்பட்டோரின் குடும்பங்கள் நோய்தீர்க்க ஓதிய மந்திரங்களில் பழைய கத்தோலிக்க மன்றாட்டுகளின் சிதறல்கள் தெளிவாகத் தெரிகின்றன. அந்நூலில் வரும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் வீடுகளிலும் வயலோரங்களிலும் பாதைகளிலும் நடப்பவை என்பது குறிப்பிடத்தக்கது. குன்றின் உச்சியைச் சூனியத்தின் இருப்பிடமாக மக்கள் மனத்தில் நிறுவியதில் பெரும்பங்கு வில்லியம் ஹாரிசன் எய்ன்ஸ்வொர்த் 1849இல் வெளியிட்ட புதினத்துக்கு உரியது. இன்று அப்பகுதியின் நெடுநடைப் பாதைக்கு வழிகாட்டும் பலகைகளில் கூம்புத் தொப்பியணிந்த சூனியக்காரியின் உருவமே பொறிக்கப்பட்டிருக்கிறது. தூக்கிலிடப்பட்ட ஏழைகளுக்கு இது செய்யும் மரியாதை எத்தகையது என்பது வேறு கேள்வி. இடத்தின்மேல் ஏற்றப்படும் தன்மை அது புனிதமானாலும் தீட்டானாலும் கதைவழியாகப் பிற்காலத்தில் வந்து படிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இவ்வாறு கதையே இடத்தை ஆக்குகிறது என்றால், சமய ஆய்வாளர் ஜோனத்தன் ஸ்மித் 1987இல் முன்வைத்த கருத்து வென்றதாகிறது: இடம் புனிதமாக இருப்பதால் சடங்கு நடப்பதில்லை, சடங்கு நடப்பதால் இடம் புனிதமாகிறது என்பது அவர் நிலை. அவருக்கு முன் மிர்ச்சா எலியாதே, புனிதம் தானே ஓரிடத்தில் வெளிப்பட்டு, சுற்றியுள்ள வெளியிலிருந்து அதனைப் பிரித்து, உலகின் நடுவாக ஆக்குகிறது என்றும், மலைகள் அத்தகைய வெளிப்பாட்டுக்கு இயல்பான இடங்கள் என்றும் வாதிட்டிருந்தார். பெண்டில் இருவருக்கும் முழுமையாகப் பிடிகொடுப்பதில்லை. எலியாதேயின் வழியில் சென்றால், வெளிப்பாட்டைப் பெற்றவரே அந்த இடத்துக்கு எந்தத் தனிச்சிறப்பையும் தர மறுத்ததை விளக்க முடியாது. அங்கே அவர் ஒரு கல்லையும் நட்டுவிட்டு வரவில்லை. ஸ்மித்தின் வழியில் சென்றால், எந்தச் சடங்கும் முன்னில்லாத குன்றின்மேல் ஒருவரை ஏறத் தூண்டியது எது என்பது விடுபட்டுவிடுகிறது.

இவ்விடத்தில் சைவ சித்தாந்த நூல்கள் காரணத்தை மூவகையாகப் பிரிக்கும் முறை பயன்படும். குடத்துக்கு மண் முதற்காரணம், குயவர் நிமித்தகாரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம் என்பது அந்நூல்கள் தரும் விளக்கம். சக்கரம் குடத்தில் கலப்பதில்லை, குடத்தை வனையும் எண்ணமும் அதற்கில்லை. அது இல்லாமல் குடம் உருவாவதும் இல்லை. ஃபாக்ஸின் இறையியலில் வெளிப்பாட்டின் நிமித்தம் இறைவன். அது நிகழும் களம் மனித உள்ளம். குன்று இவ்விரண்டில் எதுவுமன்று. ஆனால் அது துணைக்காரணமாக நிற்கத் தடையில்லை. துணைக்காரணம் என்பதாலேயே அதை வணங்க வேண்டியதில்லை, அதைப் பொருளற்றதென்று தள்ளவும் வேண்டியதில்லை. புனிதத்தை மறுப்பவரும் இடத்தை மறுக்க வேண்டியதில்லை என்பதும், இடத்தின் பங்கை ஒப்புக்கொள்பவர் அதன் புனிதத்தை ஒப்புக்கொண்டவராகிவிடுவதில்லை என்பதும் இதனால் பெறப்படும். ஃபாக்ஸின் சொல்லுக்கும் நடப்புக்கும் முரண்பாடு இருப்பதாகக் காண்போர், புனிதமான இடம், வெறும் இடம் என்ற இரண்டே வகைகளை வைத்துக்கொண்டு எண்ணுகின்றனர்.

துணைக்காரணமாகக் குன்று செய்வது என்ன என்பதை ஏறிப் பார்த்தால்தான் விளங்கும். பார்லி என்னும் சிற்றூரிலிருந்து தொடங்கும் வழக்கமான பாதை, ஓடைக்கரையையும் ஆட்டுமேய்ச்சல் வயல்களையும் கடந்து, கடைசிப் பண்ணைவீட்டுக்கு மேலே திடீரென்று நிமிர்கிறது. மண் அரிக்காமல் இருக்கப் பதிக்கப்பட்ட கற்படிகள் குன்றின் முகத்தில் சாய்வாக ஏறுகின்றன. படிகளின் உயரம் சீராக இல்லாததால், ஒவ்வோர் அடியையும் கண்ணால் அளந்தே வைக்க வேண்டியிருக்கிறது. ஏறும் வரை எதிரே தெரிவது புல்லும் கல்லும் முன்னே செல்பவரின் குதிகாலுமே. மூச்சு வாங்குகிறது, பேச்சு நின்றுவிடுகிறது, எண்ணங்களின் ஓட்டம் அடுத்த படி என்ற ஒன்றில் ஒடுங்குகிறது. படிகள் முடிந்து மேட்டுவெளி தொடங்கும் இடத்தில் காற்று முகத்தில் அறைகிறது, பார்வை ஒரே கணத்தில் கடல்வரை விரிகிறது. இந்த ஒடுக்கமும் விரிவும் அடுத்தடுத்து நேர்வது பெண்டிலின் அமைப்பாலேயே. சரிவு மெல்ல உயரும் குன்றாக இருந்திருந்தால் காட்சி சிறுகச் சிறுக வெளிப்பட்டிருக்கும். ஃபாக்ஸ் தம் சுருக்கமான பதிவில் ஏற்றத்தின் சிரமத்தை விடாமல் சொன்னதற்கு, உண்ணாதிருந்த உடல் பட்ட பாடு மட்டுமன்றி, அச்சிரமத்துக்கும் அதன்பின் கண்டதற்கும் இடையிலான தொடர்பை அவர் உணர்ந்ததும் காரணமாகலாம். ஊற்றும் அப்படியே. நீரை ஊறவிடும் மணற்கல் மேலேயும், நீரை எளிதில் விடாத களிப்பாறை கீழேயும் அமைந்த மலைகளில், இரண்டும் சந்திக்கும் மட்டத்தில் நீர் கசிந்து வெளிவருவது நில இயல்பு. களைத்து இறங்குபவருக்கு அது அருளாகத் தோன்றுவது அந்த இயல்புக்கு முரணானதன்று.

ஆனால் உடல் ஒடுங்கிப் பார்வை விரியும் இந்த அனுபவத்தையே ஆன்மிகம் என்று கொள்வது இக்கால நடையிலக்கியத்தின் எளிய வழக்கம், அதில் ஓர் ஏமாற்று உண்டு. 1336இல் தென் பிரான்சின் வெந்தூ மலையில் ஏறியதாக எழுதிய இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க், உச்சியில் அகஸ்தீனின் நூலைத் திறந்து, மனிதர் மலைகளை வியந்து தம்மையே மறக்கின்றனர் என்ற கருத்தைப் படித்து வெட்கி, இறங்கும் வழியெல்லாம் பேசாமல் வந்ததாகச் சொல்கிறார். அவருடைய வெட்கம் சற்று நாடகத்தன்மை கொண்டது. எனினும் அவர் தொட்ட இடம் சரியானது. வியப்பு எவரையும் எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. உச்சியில் நின்று உலகோடு ஒன்றியதாக உணர்ந்தவர், கீழே இறங்கியதும் பழையபடி நடந்துகொள்ள எந்தத் தடையும் இல்லை. ஃபாக்ஸின் அனுபவத்தை அதிலிருந்து பிரித்துக்காட்டுவது அதன் தீவிரமன்று, அது இட்ட பணி. அவர் கண்டது போக வேண்டிய ஊர்களை; போனார். செட்பரிலிருந்து அவர் சென்ற வழி அல்வர்ஸ்டனுக்கு அருகிலுள்ள ஸ்வார்த்மோர் மாளிகைவரை நீண்டது. அங்கே நீதிபதி ஒருவரின் மனைவியான மார்கரெட் ஃபெல் அவர் கொள்கையை ஏற்று, இயக்கத்தின் கடிதப் போக்குவரத்துக்கும் சிறைப்பட்டோருக்கான உதவிக்கும் தம் வீட்டையே மையமாக்கினார்.

பணியிடும் காட்சியும் தவறக்கூடும் என்பதை அவ்வியக்கம் விரைவிலேயே கசப்போடு கற்றது. 1656 அக்டோபரில் குவேக்கர் தலைவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் நெய்லர், எருசலேமுக்குள் நுழைந்த இயேசுவை நினைவூட்டும் வகையில், தம்மைப் பின்பற்றியோர் போற்றிப்பாட மழையில் குதிரைமேல் பிரிஸ்டல் நகருக்குள் நுழைந்தார். நாடாளுமன்றம் அவரைத் தெய்வநிந்தனைக் குற்றத்துக்காக நாவில் துளையிட்டு, நெற்றியில் சூடிட்டுச் சிறையில் அடைத்தது. தண்டனையின் கொடுமை ஒருபுறம் இருக்க, உள்ளொளி சொன்னது என்று ஒருவர் கூறினால் அது ஒளிதானா என்பதை எவ்வாறு அறிவது என்ற கேள்விக்கு அதன்பின் நண்பர்கள் சங்கம் ஒரு நடைமுறை விடையை வளர்த்துக்கொண்டது. தனியொருவருக்குத் தோன்றிய ஏவலை, அலங்காரமற்ற அறையில் பெஞ்சுகளில் அமைதியாகக் கூடியிருப்போர் முன் வைத்து, அவர்களும் அதில் உண்மையை உணர்கிறார்களா என்று பொறுத்திருந்து தேறுவதே அது. பெண்டிலில் தனியே ஏறிய ஒருவரின் காட்சியில் தொடங்கிய சமயம், எவருடைய தனிக்காட்சியையும் சமதளத்தில் உட்கார்ந்து சோதிக்காமல் ஏற்பதில்லை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. குன்று எதையும் சான்றளிப்பதில்லை என்பதை இதைவிட உறுதியாக எந்தத் தத்துவ வாதமும் நிறுவியிருக்க முடியாது.

சோதித்தல் என்னும் சொல்லை வேறொரு பொருளிலும் அக்குன்று அக்காலத்திலேயே கண்டது. 1661 ஏப்ரல் 27 அன்று, பர்ன்லியை அடுத்த டவுன்லி மாளிகையைச் சேர்ந்த கத்தோலிக்கரான ரிச்சர்ட் டவுன்லியும், ஹாலிஃபாக்ஸ் மருத்துவர் ஹென்றி பவரும் பாதரசக் குழாய்களோடு பெண்டிலில் ஏறி, அடிவாரத்திலும் உச்சியிலும் குழாய்க்குள் அடைபட்ட காற்றின் கன அளவு எவ்வாறு மாறுகிறது என்று அளந்தனர். காற்றின் அழுத்தம் குறையக் குறைய அதன் கன அளவு கூடுகிறது என்னும் விதியை 1662இல் வெளியிட்ட ராபர்ட் பாயில், அதனை டவுன்லியின் கருதுகோள் என்றே குறிப்பிட்டார்; பிற்காலப் பாடநூல்கள் அதைப் பாயிலின் பெயரோடு நிறுத்திக்கொண்டன. டவுன்லிக்கும் பவருக்கும் குன்று தேவைப்பட்டது அதன் உயரத்துக்காக மட்டுமே. அந்தத் தேவையும் துணைக்காரணத்தின் தேவைதான்.

இன்று இப்பகுதிக்கு உலகின் பல நாடுகளிலிருந்து குவேக்கர்கள் வருகின்றனர். மிகப்பெரிய குவேக்கர் சமூகம் வாழும் கென்யாவிலிருந்தும் வருவோர் உண்டு. பெண்டில், ஃபர்பாங்க், 1675இல் கட்டப்பட்ட பிரிக்ஃபிளாட்ஸ் கூட்டவீடு, ஸ்வார்த்மோர் ஆகியவற்றைச் சேர்த்து ‘1652 நாடு’ என்று அவர்கள் அழைப்பர். யாத்திரை என்ற சொல்லைச் சிலர் தயங்காமல் பயன்படுத்துகின்றனர், சிலர் தவிர்க்கின்றனர். குன்றின்மேல் கோயில் எழவில்லை, ஆண்டுவிழா விதிக்கப்படவில்லை. ஃபாக்ஸ் பருகியதாகக் கருதப்படும் ஊற்று மட்டும் அவர் பெயரால் வழங்குகிறது. வருவோர் ஏறி, சிறிது நேரம் அமைதியாக நின்று, இறங்கிவிடுகின்றனர். இதனைத் தளர்ச்சி என்றோ, மறைவாகத் திரும்பிய தலவழிபாடு என்றோ கருத வேண்டியதில்லை. முன்னோர் பட்ட சிரமத்தைத் தம் கால்களாலும் படுவது நினைவின் ஒரு வழி. அதற்குக் குன்று வேண்டும், குன்றின் புனிதம் வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முன்சொன்ன வேலி என்னும் ஊரில் துணிக்கு அச்சிடும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த டாம் ஸ்டீபன்சன் என்னும் சிறுவர் தம் 13ஆம் வயதில் பெண்டிலில் ஏறி, வடக்கே விரிந்த மலைகளைக் கண்டு, அக்காட்சியே தம்மை வாழ்நாள் முழுதும் நடப்பவராக்கியது என்று பின்னாளில் சொன்னார். அவர் சோசலிசவாதி, முதல் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறை சென்றவர். அவர் கண்ட மலைகளில் பெரும்பகுதி அன்று செல்வந்தர்களின் வேட்டைநிலம். ஆலைத் தொழிலாளி அங்கே கால்வைத்தால் காவலர் விரட்டுவர். 1932இல் டார்பிஷயரின் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி நடந்த இளைஞர் சிலர் சிறையில் அடைக்கப்பட்டனர். 1935இல் நாளிதழ் ஒன்றில் ஸ்டீபன்சன் முன்மொழிந்த நெடும்பாதை, பென்னைன் வழி என்ற பெயரில் 1965இல் திறக்கப்பட்டது. உழப்படாத மேட்டுநிலங்களில் எவரும் நடந்து செல்லும் உரிமையை 2000ஆம் ஆண்டின் சட்டம் வழங்கியது. இந்த வரலாற்றுக்கும் ஃபாக்ஸுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் எந்த நிலமும் சிலருக்கென்று பிரித்து வைக்கப்பட்டதன்று என்ற எண்ணம், அர்ச்சிக்கப்பட்ட நிலத்தின் வேலியை எதிர்த்து ஒரு நூற்றாண்டிலும், உடைமை நிலத்தின் வேலியை எதிர்த்து மற்றொரு நூற்றாண்டிலும், ஒரே குன்றில் ஏறி இறங்கியவர்களிடம் தோன்றியிருக்கிறது.

நடக்கும் உரிமையை வழங்கிய அச்சட்டத்தில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, அத்தகைய நிலத்தில் நாயுடன் நடப்பவர் அதனை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடித்துச் செல்ல வேண்டும்; வளைந்த நீண்ட அலகுடைய கர்லூவும் வானம்பாடியும் அக்காலத்தில் புல்லுக்கிடையே தரையிலேயே முட்டையிடுகின்றன. இடங்களின் புனிதத்தைப் போலவே நாட்களின் புனிதத்தையும் மறுத்து, கிறிஸ்துமஸைக் கொண்டாடாமலும், பெரும்பாலான மாதங்களை அவற்றின் பெயர்களால் அழைக்காமல் எண்களால் குறித்தும் வாழ்ந்த பழைய குவேக்கர்கள், இடத்தையும் காலத்தையும் வரையறுத்து விதிக்கும் இந்த ஒழுக்கத்தில் தங்கள் கொள்கைக்கு மாறான எதையும் கண்டிருக்கமாட்டார்கள்.